வெறும் வயிற்றில் எத்தனை மில்லி

ஜூன் 24, செவ்வாய்

கிருஷ்ணவேணி மேடத்தின் ஆய்வு இன்று தொடங்கிவிட்டது. மேடம் எங்கள் ஆஸ்பத்திரியின் மயக்க டாக்டர், நான் அவருடைய டெக்னீஷியன். வேலை இதுதான்: ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, இரைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று மேடம் கணக்குப் போடுவார். மயக்கம் கொடுத்து, மூச்சுக்கு ஒரு குழாய் போட்ட பிறகு, இன்னொரு குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டு, உள்ளே இருப்பதை நான் சிரிஞ்சால் உறிஞ்சி அளக்க வேண்டும். ஸ்கேன் சொன்னதும் சிரிஞ்ச் சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் ஆய்வு.

முதல் நாள் மூன்று பேர். மூவரும் ராத்திரி முழுக்கப் பட்டினி. ஒருவரிடம் தெளிந்த தண்ணீர் போல இருபது மில்லி. அடுத்தவரிடம் கொஞ்சம் பச்சையாக. மூன்றாமவரிடம் சிரிஞ்சின் நுனி நனைந்தது, அவ்வளவுதான். வெறும் வயிறு என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது. எல்லார் வயிற்றிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, "படிச்சு பட்டம் வாங்கிக்கினு வந்து வாந்தி அளக்கிற வேலையா மா?" என்றார். அம்மா ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அளக்கட்டும். உங்க முழக்கோலை விட அது ஒசத்தி."

மத்தியானம் கேன்டீனுக்குப் போகவில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அந்த வட்டத்தில் எங்கே நாற்காலி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்டியா என்று அம்மா கேட்டாள். சாப்ட்டேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று "பதினைந்து மில்லி" என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மேடம், "அம்சா, மானிட்டர் கூட உன்னை விட சத்தமா பேசுது" என்றார்.

ஜூலை 2, புதன்



கண்ணாயிரம் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், குடலிறக்க ஆபரேஷன். ஆய்வில் சேரச் சம்மதிக்கவில்லை, அதனால் ஸ்கேன் கிடையாது. நான்தான் கேட்டேன்: "காலையில எதுவும் சாப்பிட்டீங்களா?" "இல்ல மா." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மேடம் மருந்தை ஏற்றினார். கண் மூடியது. வாயில் குழாய் போடுவதற்குள் - நெஞ்சு ஒரு தரம் தூக்கிப்போட்டது. வாய் நிறைய வெள்ளை வெள்ளையாக. இட்லி. சாம்பார் வாசனை தியேட்டர் முழுக்க.

"தலையை இறக்கு! சக்‌ஷன்!"

மேசையின் தலைப்பக்கத்தை இறக்கினேன். உறிஞ்சு குழாயை மேடத்தின் கையில் வைத்தேன். உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருந்தது. பீப் பீப் என்ற சத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஆக்சிஜன் குறையும்போது அந்தச் சத்தம் கட்டைக் குரலாகிவிடும். அந்தக் கட்டைக் குரலை இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

நுரையீரலுக்குள் போய்விட்டது. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார்.

ஏன் பொய் சொன்னார்? ஏன் நான் நம்பினேன்?

ஜூலை 5, சனி

கண்ணாயிரத்தின் மனைவி பெரியநாயகி ஐசியூ வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். என் யூனிஃபார்மைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணியில போடச் சொன்னாங்க மா. வெறும் வயித்துல மாத்திரை போட்டா புண்ணாயிடாதா? அதான் நாலு இட்லி குடுத்தேன். மாத்திரைக்காகத்தானே குடுத்தேன்? ஏற்கெனவே ரெண்டு தபா ஆபரேசன் தள்ளிப்போச்சு. சொன்னா மறுக்கா தள்ளிடுவாங்கன்னு அவர் சொல்லல."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்ன சொல்வது?

ஜூலை 9, புதன்

கண்ணாயிரம் தானாக மூச்சு விடுகிறார். குழாயை எடுத்துவிட்டார்கள். தப்பித்தார்.

ஆய்வோ இல்லையோ, இனி எல்லாருக்கும் ஸ்கேன் என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்கும் சொல்லிக்கொண்டேன்: இனி வாயை நம்பாதே. வயிற்றை மட்டும் நம்பு.

ஜூலை 18, வெள்ளி

ஒரு மாதமாக வாயு என்று சொல்லிச் சமாளித்த அம்மாவின் வலி வாயு இல்லை. பித்தப்பையில் கல். வலுக்கட்டாயமாக அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தேன். சர்ஜன் குமரகுரு சார் படத்தைப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லி மூட்டை மாதிரி இருக்கு. எடுத்துடலாம்" என்றார். அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை இருப்பதால் அதைக் கொஞ்சம் அடக்கிவிட்டு, ஆகஸ்ட் நான்காம் தேதி ஆபரேஷன்.

அம்மாவுக்குப் பயம் இல்லை. அவளுக்கு ஒரே சந்தேகம்தான். "எனக்கும் குழா உட்டு நீயே அளப்பியா?"

"ஆமா."

"உள்ள இருக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமா?"

"தெரியும்."

"அப்ப உங்கப்பாவைத் திட்டாம அடக்கி வெச்சதெல்லாம் வந்துடும் பாரு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் இன்று கூழ் வார்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கூழையும் கொண்டுபோய்க் கோயில் அண்டாவில் ஊற்றினாள். மத்தியானம் பெரிய சொம்பு நிறையக் கூழ், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். ராத்திரி இரண்டு இட்லி. நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். அதற்குப் பிறகு எதுவும் கூடாது என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"புரிஞ்சுது மா. கண்ணாயிரம் கதையைத்தான் ரெண்டு பொடவை நெய்யிற அளவுக்குச் சொல்லிட்டியே."

நாளை நான் சீக்கிரம் போய் தியேட்டரைத் தயார் செய்ய வேண்டும். அம்மாவை அப்பா ஆட்டோவில் அழைத்து வருவார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எப்படி எழுதுவது.

அம்மாவைப் பச்சை கவுனில் பார்த்ததே ஒரு மாதிரி இருந்தது. தாலிக்கொடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. மேடம் ஸ்கேன் கருவியை வைத்தார். நான் திரையைப் பார்த்தேன்.

வெறும் வயிறென்றால் இரைப்பை சுருங்கிய பை போலத் தெரியும். அம்மாவுடையது உப்பியிருந்தது. உள்ளே கலங்கலாக, திட்டுத் திட்டாக. தண்ணீர் அப்படித் தெரியாது. அது சாப்பாடு. எனக்கே தெரிந்தது என்றால் மேடத்துக்குத் தெரியாதா?

மேடம் மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் வாயில வெக்கல மா."

குமரகுரு சார் கையுறையைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஸ்டாஃப் அம்மாவே இப்படின்னா மத்தவங்களை என்ன சொல்றது?" யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதிர்வீட்டு காந்தா அக்கா மூடி போட்ட ஒரு தூக்கோடு படி ஏறிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கூழ். ஒரு ராத்திரி புளித்தால்தான் அதற்கு ருசி என்று எங்கள் தெருவே சொல்லும். அந்தத் தூக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா, காந்தா அக்கா கூழ் கொண்டாந்தாங்களே. குடிச்சியா?"

"அது உங்கப்பாவுக்கு. நான் தொடல."

"உண்மையைச் சொல்லு."

இதை மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மில்லியைச் சொல்ல வராத குரல் இதற்கு வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள்.  மேசையிலிருந்து தானாக இறங்கி, கவுனின் பின்பக்கத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆபரேஷன் ரத்து.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா பேசவில்லை. காலையில் அப்பா வேறு, "ஒரு வாய் குடிச்சிருந்தா சொல்லிட்டுப் போயேன், இன்னா இப்ப?" என்று கேட்டுவிட்டார். அதோடு அவரிடமும் பேச்சு நின்றது. வீட்டில் தறிச் சத்தமும் ராட்டினச் சத்தமும் மட்டும்.

குடித்திருப்பாள். திரையில் பார்த்தேனே. திரை பொய் சொல்லாது.

சொல்லாது - இல்லையா?

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் அம்மாவுக்கு மறுபடி வலி. இந்த முறை காய்ச்சலும். குமரகுரு சாருக்குப் போன் செய்தேன். பித்தப்பையில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம், மருந்தைத் தொடங்கிவிட்டு இந்த வாரக் கடைசிக்குள் எடுத்தே ஆக வேண்டும், "இந்தத் தடவையாவது ஒழுங்கா வரச் சொல்லு" என்றார்.

அதை அப்படியே சொல்லாமல், "நாளைக்கே அட்மிட் ஆகணும் மா" என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஆவுறேன். நீ லீவு போட்டுக்கினு என் பக்கத்துலயே உக்காரு. வாயில இன்னா போவுதுன்னு உன் கண்ணால பாரு. அப்புறம் அள."

"அம்மா, நான் அப்படி..."

"தெனம் ஊட்டுக்கு வந்து கேன்டீன்ல சாப்ட்டேன்னு சொல்றியே. மூஞ்சைப் பாத்தாலே எனக்குத் தெரியும். நான் என்னிக்காவது குழா உட்டுப் பாத்தேனா டி?"

 

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டில், அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன். மத்தியானம் ஆஸ்பத்திரித் தயிர்சாதம், பாதிதான் சாப்பிட்டாள். அதற்கு மேல் இறங்கவில்லை என்றாள். அதன் பிறகு ஒன்றுமில்லை. கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

நர்ஸ் சத்யப்ரியா விஷயம் தெரியாமல் டீ வேண்டுமா என்று கேட்டாள். அம்மா என்னைக் கண்ணால் காட்டி, "வேணாம் மா. போலீசு காவல் இருக்குது" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

அம்மாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. கட்டுத்துணியிலிருந்து ஒரு நூலை உருவி, ராட்டினத்தில் நூல் தார் சுற்றுவது போல விரலில் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள்.

பாத்ரூமுக்குப் போனாலும் கதவைத் திறந்தே வைக்கிறாள். "பைப்புல தண்ணி குடிச்சேன்னு சொல்லிடப் போற."

நாளைக்கு வயிறு காலியாக இருந்தால் அம்மா திங்கட்கிழமை பொய் சொன்னாள் என்றாகும். காலியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேனா? காலியாக இல்லாவிட்டால் மயக்கம் கொடுப்பது ஆபத்து. எதை வேண்டுவது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் மேடம் கருவியை என் கையில் கொடுத்துவிட்டார். "நீயே வெச்சுப் பாரு."

அம்மா சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். ஜெல் குளிர்ந்ததும் வயிறு ஒரு தரம் சிலிர்த்தது. இரைப்பை தெரிந்தது.

நிறைந்திருந்தது.

கலங்கலாக, திட்டுத் திட்டாக, திங்கட்கிழமை போலவே. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பருக்கை போகவில்லை. என் கண் முன்னால்தான் இருந்தாள். கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரைப்பை அலை அலையாகச் சுருங்கி விரிய வேண்டும். அசையவில்லை.

மேடமும் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "கங்கையம்மா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதா?"

"ஆமா மா."

"நேத்து சாப்பிட்டது இன்னிக்கு ஏப்பத்துல வருமா?"

"ஒரு வருசமா வருது. முந்தா நேத்து சாப்ட்டது கூட வரும். புளிச்சு வரும்."

"ஏன்மா சொல்லல?" - இது நான்.

"எவ கேட்டா?" என்றாள் அம்மா. "காலைல சாப்டியான்னுதானே கேட்டீங்க."

சர்க்கரை பல வருஷம் இருந்தால் இரைப்பையின் நரம்புகளைக் கெடுத்துவிடுமாம். பை அப்படியே கிடக்கும், உள்ளே போனது நாள்கணக்கில் தங்கும். எங்கள் கல்லூரிப் பாடத்தில் இது ஒரு பாராதான். பரீட்சைக்குப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன்.

வயிற்றைக் காலி செய்ய மூக்கு வழியாகப் பெரிய குழாய் போட்டோம். விழித்திருக்கும்போதே போட வேண்டும். "முழுங்குங்க, முழுங்குங்க" என்று மேடம் சொல்ல, அம்மா கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கினாள். என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பாத்திரத்தில் தயிர்சாதப் பருக்கைகள் வந்தன. பிறகு பழுப்பாக ஏதோ. அதில் சின்னதாக, கசங்கிய ஓர் இலை. இன்னொன்று. முருங்கை இலை. ஞாயிற்றுக்கிழமை கூழுக்குத் தொட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கீரையே ஆயவில்லை.

எடுத்து மேடத்திடம் காட்டினேன். மேடம் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஸாரி மா. நீங்க சொன்னது சரி. நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்."

மூக்கில் குழாயோடு அம்மாவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அய்ய, நீங்க போய் இன்னா மா... பெரிய வார்த்தையெல்லாம்." என்னைப் பார்க்கவில்லை.

நான் ஸாரி சொல்லவில்லை. வாய் வரவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு நாளாக வாயில் ஒன்றும் கிடையாது, குழாய் வழியே வயிறு வடிகிறது. நாளைக்கு ஆபரேஷன். காய்ச்சல் குறையவில்லை, இனித் தள்ளவும் முடியாது.

மேடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு வடித்தாலும் இந்த வயிற்றை நம்ப முடியாது. அதனால் மருந்து ஏறும்போதே ஒருவர் குரல்வளைக்குக் கீழே இருக்கும் குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பிடித்து உணவுக்குழாயை மூட வேண்டும், மூச்சுக்குழாயில் குழாய் உட்காரும் வரைக்கும் விடக் கூடாது. வழக்கமாக அது என் வேலை. "நாளைக்கு வேற யாரையாவது போடட்டுமா?"

"நானே பிடிக்கிறேன் மேடம்."

முதல் தடவையே கேட்டுவிட்டது போல. "திருப்பிச் சொல்லு" என்று அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறக்காமல் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அம்மா மேசையில். தலைக்கு மேல் மேடம், வலப்பக்கம் நான். குமரகுரு சார் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 

என் விரல்களை அம்மாவின் கழுத்தில், மஞ்சள் கயிற்றுக்கு மேலே வைத்தேன். தோல் சுட்டது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "நீதானா?"

"நான்தான் மா. கொஞ்சம் அழுத்தும். பயப்படாத."

"உடாத" என்றாள்.

மருந்து ஏறியது. "அழுத்து," என்றார் மேடம். அழுத்தினேன். அம்மாவின் கண்கள் மேலே செருகின. உடம்பு தளர்ந்தது. நான் அழுத்துவது அம்மாவின் கழுத்தை. அழுத்தம் குறைந்தால் வயிறு மேலே வரும், கூடினால் மேடத்துக்கு வழி தெரியாது. மேடம் எட்டிப் பார்க்கிறார். "தெரியல... கொஞ்சம் இடது பக்கம் தள்ளு." தள்ளினேன். பீப் சத்தம் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. கட்டைக் குரல். கண்ணாயிரத்தின் வாய் கண் முன்னால் வந்தது. இட்லி, சாம்பார் வாசனை...

விரலை எடுக்கவில்லை.

"உள்ள இருக்கு. பலூனை ஊது."

மறு கையால் குழாய் நுனியில் இருந்த சின்ன பலூனை ஊதினேன். காற்று ஏறியது. நெஞ்சு இரண்டு பக்கமும் எழுந்தது. மானிட்டரில் மூச்சின் கோடு வந்தது. பீப் சத்தம் ஏறத் தொடங்கியது.

"இப்ப விடலாம் அம்சா." இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் விட்டேன். விரல் விறைத்துப்போயிருந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டு, மற்ற எல்லாருக்கும் செய்வது போல உறிஞ்சினேன். இலை இல்லை, பருக்கை இல்லை. இளம்பச்சையாகக் கொஞ்சம் நீர்.

"பன்னிரண்டு மில்லி," என்றேன்.

குமரகுரு சார் கத்தியை வாங்கக் கையை நீட்டியபடி, "கேட்டுச்சு, கேட்டுச்சு. ரோடு வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

பித்தப்பை சீழோடு வெளியே வந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்றார்கள்.

சாயங்காலம் அம்மா கண் விழித்தாள். தொண்டை கரகரத்தது. "இன்னா வந்துச்சு உள்ள இருந்து?"

"ஒண்ணும் இல்ல மா. நீ சொன்னா மாதிரிதான்." பிறகு சொன்னேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று. அழாமல் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், முடியவில்லை.

அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டாள். "இன்னா அழுத்து அழுத்தியிருக்க. உங்கப்பா மேல இருக்கிற கோவமெல்லாம் இங்க காட்டினியா?"

ஆகஸ்ட் 16, சனி

அம்மா வீட்டில். இனி வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. கீரை, நார் உள்ளது எதுவும் கூடாது. காந்தா அக்கா தூக்கோடு வந்தார். "மூஞ்சிக்கு நேரா காட்டாத டி, அதால நான் பட்ட பாடு போதும்" என்று அம்மா விரட்டினாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை செய்பவர் ஒருவர். ஸ்கேனில் வயிறு நிறைந்திருந்தது. சாப்பிடவே இல்லை என்று சாதித்தார். குமரகுரு சார், "பொய் சொல்றான், அனுப்புங்க" என்றார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். காது சூடானது. ஆனாலும் அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன். சர்க்கரை இருக்கிறதா, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறதா, நேற்றைய சாப்பாடு இன்றைக்கு ஏப்பத்தில் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றார். நான் விடாமல் கேட்டுக்கொண்டே போக, கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு போண்டா சாப்ட்டேன் மா. நீ இவ்ளோ அக்கறையா கேக்கும்போது மறைக்க மனசு வர்ல."

குமரகுரு சாரே சிரித்துவிட்டார். நாளைக்குத் தள்ளி வைத்தோம். யாரும் அவரைத் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போண்டாவா! சட்னியோடவா, சும்மாவா? அதையும் அளக்கணும் இல்ல?"

பிறகு ராட்டினத்தைச் சுற்றியபடியே, எப்போதும் போல, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மத்தியானம் சாப்டியா?"

வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லம்மா."

அம்மா ராட்டினத்தை நிறுத்தினாள். எழுந்து அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள்.

"எத்தினி?"

"மூணு."